கோட்டை முதலில், கோயில் பிறகு: வட்டக்கோட்டை – சுசீந்திரம் ஒரு நாள்

கன்னியாகுமரியில் ஆட்டோக்காரரிடம், "வட்டக்கோட்டையும் சுசீந்திரமும் ஒரே நாளில் பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். "முதல்ல கோயிலுக்குப் போயிருவோம் அண்ணாச்சி, நடை சாத்திருவாவ. கோட்டை எங்க போவப் போவுது?" என்பார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. ஆனாலும் பணிவாக மறுத்துவிட்டு, வண்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

காரணம் வெயில். வட்டக்கோட்டையின் மதில்மேல் ஒதுங்கப் பெரிய நிழல் கிடையாது. பதினொரு மணிக்கு மேல் கருங்கல் கொதிக்கும். காலை எட்டு மணிக்குக் கடல் ஒருபுறம் மின்ன, கிழக்கு வெளிச்சம் நேராக மேற்குத்தொடர்ச்சி மலையில் விழும். மடிப்பு மடிப்பாக மலை தெரியும் நேரம் அது. மாலையில் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, மலை வெறும் நிழலாகிவிடும். சுசீந்திரம் கோபுரமும் கிழக்குப் பார்த்தது. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதன் முகத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். உள்ளே கல் பிரகாரங்கள் குளிர்ந்து கிடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோட்டை மதில்மேல் நின்று பார்த்தால், இந்த நிலத்துக்கு ஏன் ஒரு மதில் தேவைப்பட்டது என்று புரியும். அதன் பிறகு சுசீந்திரத்துக்குப் போனால், அந்த மதிலுக்குப் பின்னால் எதைக் காத்தார்கள் என்பதும் தெரியும்.

ஒரு பார்வையில்

புறப்படும் இடம்: கன்னியாகுமரி. நாகர்கோவிலில் தங்கியிருப்பவர்களும் இதே ஒழுங்கில் போகலாம்.

தொலைவு: கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டை 6 முதல் 7 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து சுசீந்திரம் சுமார் 12 கி.மீ.; அங்கிருந்து நாகர்கோவில் 5 முதல் 6 கி.மீ.

தேவைப்படும் நேரம்: கோட்டைக்கு ஒன்றரை மணி, கோயிலுக்கு இரண்டு மணி. பயணம், சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு பகல்.

வண்டி: சுசீந்திரத்துக்குப் பேருந்துக் குறைவே இல்லை. கன்னியாகுமரி – நாகர்கோவில் பேருந்துகள் பெரும்பாலும் அவ்வழிதான். வட்டக்கோட்டைக்குப் பேருந்து குறைவு. ஆட்டோ, வாடகைக் கார் அல்லது சொந்த வண்டி நல்லது. ஆட்டோ என்றால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

நல்ல மாதங்கள்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிவு. தமிழகத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது என்பதால் குடை எப்போதும் பையில் இருக்கட்டும்.

கிளம்புமுன்: இது யாருடைய எல்லை?

நாஞ்சில் என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களைத்தான் பழையவர்கள் நாஞ்சில் நாடு என்பார்கள். குளமும் கால்வாயும் வயலுமாக நெல் விளைந்த பூமி. நெல் விளைகிற பூமியை யாரும் சும்மா விடமாட்டார்கள். பாண்டியர், சோழர், வேணாட்டு மன்னர், விஜயநகரத்தார் என்று பலர் கை மாறி மாறி இங்கே விழுந்தது. கடைசியில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக அது நின்றது.

திருவிதாங்கூருக்குக் கிழக்கே மலைதான் சுவர். அந்தச் சுவர் தெற்கே வந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் முடிகிறது. மலை முடியும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சமவெளி ஒரு திறந்த வாசல். திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற வணிகன், படை, காற்று எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அந்த வாசலை அடைக்க மலையிலிருந்து கடல் வரை அரண் எழுப்பினார்கள். அதன் கடல் முனையில் நிற்பதுதான் வட்டக்கோட்டை.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதை மதில் சொல்லும்.

காலை 7.30: வட்டக்கோட்டைக்கு

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கோட்டை வாசலில் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். குடிநீரும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சுகிராமம் செல்லும் சாலையில் போய், கோட்டைக்கான பலகை கண்டதும் கடல் பக்கம் திரும்ப வேண்டும். வழியெல்லாம் தென்னையும் பனையும்.

பனங்காட்டைப் பார்த்தால் பதநீர் நினைவு வரும். இந்த மாவட்டத்தில் அதற்குப் பெயர் அக்கானி. "பதனி இருக்கா?" என்று கேட்டாலும் புரியும், "அக்கானி உண்டா?" என்று கேட்டால் முகம் மலரும். பருவத்தில், காலை நேரத்தில் மட்டும் குடியுங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பொதுவாகக் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிவாக்கில் மூடுவார்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் போய்விட்டால் மதில்மேல் நீங்களும் காற்றும் மட்டும்தான்.

கோட்டைக்குள் எப்படி நடப்பது

பெயர் வட்டக்கோட்டை. உள்ளே போனால் ஏறக்குறைய நாற்கரம். பெயரை நம்பி வட்டத்தைத் தேடிக் களைத்துப்போகும் குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரப்பு சுமார் மூன்றரை ஏக்கர். கைப்பிடிச் சுவரையும் சேர்த்து மதிலின் உயரம் 25 முதல் 26 அடி. உயரத்தைவிடக் கவனிக்க வேண்டியது பருமன். முன்பக்கம் 29 அடி, கடலுக்குள் நீட்டி நிற்கும் மூலையில் 18 அடி, பின்பக்கம் 6 அடி. வாளும் ஈட்டியும் மட்டும் இருந்த காலத்தில் உயரமான மதில் போதும். ஏணி எட்டாமல் இருந்தால் சரி. பீரங்கி வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. குண்டைத் தாங்க வேண்டும், மேலே தன் பீரங்கியையும் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் பருமன் வேண்டும். இந்தக் கோட்டை அந்தப் புதுக் கணக்கில் கட்டப்பட்டது.

கணக்குப் போட்டவர் வெளிநாட்டவர். 1741இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அப்போது பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டி லனாய். சிறைப்பட்டவரைத் தண்டிக்காமல், தன் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி தரும் வேலையை மன்னர் அவரிடம் ஒப்படைத்தார். டி லனாய் படிப்படியாக உயர்ந்து தளபதியானார். 'வலிய கப்பித்தான்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. வட்டக்கோட்டையைப் புதுப்பித்து வலுப்படுத்தியவர் அவரே. 1777இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது; கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் நாளில் அதையும் பார்த்துவிடலாம்.

வாசலைத் தாண்டியதும் நேராக மேலே ஏறிவிடாதீர்கள். முதலில் நடுவில் உள்ள குளத்தருகே போங்கள். கடல் அலை மோதும் மதிலுக்கு உள்ளே ஒரு குளம்! முற்றுகை வந்தால் படைவீரனுக்குக் குடிக்க நீர் வேண்டுமே. மதிலைவிட இந்தக் குளம்தான் கோட்டையை எத்தனை நாள் தாங்கும் என்று தீர்மானிக்கும்.

அடுத்து, கல்லில் செதுக்கிய மீன் சின்னத்தைத் தேடுங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம். மீன் பாண்டியரின் சின்னம். திருவிதாங்கூர் மன்னருக்காக டச்சுக் கம்பெனியிலிருந்து வந்தவர் வலுப்படுத்திய கோட்டையில் பாண்டியரின் மீன் எப்படி வந்தது என்று கேட்டால், இந்த இடம் ஒரு காலத்தில் அவர்கள் கைக்குள் இருந்ததன் அடையாளம் என்பார்கள். எல்லை நிலத்தில் கற்களும் கட்சி மாறும்.

பிறகு சாய்தளத்தில் ஏறுங்கள். படிக்கட்டாக அமைக்காமல் சரிவாக வைத்ததற்குக் காரணம், பீரங்கியை இழுத்து ஏற்ற வேண்டியிருந்ததே. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் பீரங்கிகள் இன்று செய்யும் உபகாரம் இது.

மேலே நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒருபுறம் முழுக்கக் கடல். மேற்கே தனித்து நிற்பது மருந்துவாழ்மலை. சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போகும்போது தெறித்து விழுந்த துண்டு என்று ஊரார் சொல்வார்கள். நாராயண குரு தவம் இருந்த குகை அதில் இருக்கிறது. வடக்கிலும் வடமேற்கிலும் மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றுதான் அந்த இறக்கைகளைச் சுற்றுகிறது. முப்பந்தல் காற்றாலைகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இந்தப் பக்கத்தைத்தான். மன்னர்கள் அரண் கட்டி அடைக்கப் பார்த்த அதே வாசலில் இன்று காற்றைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

அந்த அரண் 1809இல் சோதனைக்கு உள்ளானது. ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி இந்த மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர். அவரை அடக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஆங்கிலக் கம்பெனிப் படை, ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. கடல் முனையில் எத்தனை பருமன் வைத்து என்ன, உடைப்பு மலை முனையில் ஏற்பட்டது.

கறுப்பு மணலும் ஒரு எச்சரிக்கையும்

கோட்டையை ஒட்டிய கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். அது இல்மனைட் கலந்த மணல். சிவப்பாகத் தெரிவது கார்னெட். கன்னியாகுமரியில் பல நிறத்து மணலைப் பொட்டலம் கட்டி விற்பது இதை நம்பித்தான். ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் கறுப்பு மணிகள் ஒட்டுவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். பாறையும் இழுப்பும் உள்ள கடல் இது. மதிலின் கடல் பக்க விளிம்பில் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். காற்று திடீரென்று வலுக்கும் இடம். தொப்பியும் துப்பட்டாவும் பறப்பது அன்றாடக் காட்சி.

கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைப் பக்கம் கடல்வழிப் படகுச் சவாரியும் உண்டு. கடல் நிலையைப் பொறுத்து அது இயங்கும், இயங்காமலும் போகும். அன்று காலை பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து கோட்டையைப் பார்ப்பது வேறு, மதில்மேல் நடப்பது வேறு. சவாரியை நம்பிச் சாலைப் பயணத்தை விட்டுவிடாதீர்கள்.

காலை 9.30: மயிலாடி வழி

வந்த வழியே திரும்பி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம், அது விரைவு. அவசரம் இல்லாதவர்களுக்கு அஞ்சுகிராமம், மயிலாடி, வழுக்கம்பாறை வழி அழகு. மயிலாடி கல் தச்சர்களின் ஊர். உளிச் சத்தம் சாலைக்கே கேட்கும். பாதி உடம்பு மட்டும் வெளிவந்த பிள்ளையாரும், முகம் இன்னும் முளைக்காத அம்மனும் பட்டறை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சுசீந்திரத்துத் தூண்களைப் பார்க்குமுன் கல்லில் உளி எப்படி இறங்குகிறது என்று கண்ணால் கண்டுவிடுவது நல்லது.

திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையின் முதல் ஆலயம் எழுந்ததும் இந்த ஊரில்தான். லண்டன் மிஷன் ஊழியரான ரிங்கல்தௌபே 1809இல் அதைக் கட்டினார். அரண் உடைந்த அதே ஆண்டு.

சுசீந்திரம்: உள்ளே போகுமுன்

சாலையிலிருந்தே கோபுரம் தெரியும். ஏழு நிலை, 134 அடி. 1545இல் அடித்தளமிட்டு 1888இல் முடித்த கோபுரம் இது. இடையில் அரசுகள் மாறின, வேலை நின்றது, மறுபடி தொடங்கியது. வீடு கட்டி முடியவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கலாம்.

உடை: ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் வாசலில் சற்றுத் திகைப்பார்கள். இது கேரள வழக்கம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் கோயில்களில் பழைய முறை தொடர்கிறது. வேட்டியும் தோளுக்கு ஒரு துண்டும் கொண்டுபோனால் வசதி. பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ போதும்.

நேரம்: உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பத்தரைக்குள் உள்ளே இருந்தால் பதற்றம் இல்லை. திருவிழா நாட்களில் நேரம் மாறும்.

மற்றவை: உள்ளே படம் எடுக்கக் கூடாது. செருப்பை விட்ட இடத்திலிருந்து வாசல் வரை உச்சி வெயிலில் கால் பொரியும். பத்து மணிக்கு வரச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

உள்ளே நடக்கும் ஒழுங்கு

தாணு, மால், அயன். சிவன், திருமால், பிரமன். மூவரும் ஒரே லிங்கத்தில் இருப்பதால் தாணுமாலயன். அத்திரி முனிவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மூவரும் பிச்சைக்காரர்களாக வந்து, ஆடையின்றி அன்னமிட வேண்டும் என்று அனசூயையிடம் கேட்டார்கள். அவள் மூவரையும் கைக்குழந்தைகளாக்கிச் சோறூட்டினாள். கற்பின் பெருமை என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். மூன்று தெய்வங்களையும் குழந்தையாக்கி மடியில் போட்டுக்கொண்ட ஒரு வீட்டுக்காரியின் சாமர்த்தியக் கதையாகவும் அது எனக்குப் படுகிறது.

ஊர்ப்பெயருக்கு இன்னொரு கதை. அகலிகை விஷயத்தில் சாபம் பெற்ற இந்திரன், இங்கே கொதிக்கும் நெய்யில் முழுகிச் சுசியானான், ஆகவே சுசீந்திரம். கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் செய்து சோதிக்கும் 'கைமுக்கு' வழக்கம் இந்தக் கோயிலில் உண்மையாகவே நடந்தது. மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில்தான் அது நின்றது. இன்றும் இரவின் அர்த்தசாமப் பூசையை இந்திரனே செய்வதாக ஐதீகம். இரவு பூசை செய்த அர்ச்சகர் மறுநாள் காலை நடையைத் திறப்பதில்லை என்பதும் அதையொட்டிய வழக்கம்.

கருவறைகள் இரண்டு என்பதை நினைவில் வையுங்கள். தாணுமாலயன் இருப்பது வடக்கேடம். திருமால் இருப்பது தெக்கேடம். ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது இந்தச் சொற்களைத்தான் சொல்வார்கள். இரண்டையும் கும்பிட்டுவிட்டுப் பின்வருவனவற்றை நிதானமாகப் பாருங்கள்.

மாக்காளை. சுண்ணாம்புச் சாந்தால் செய்த பெரிய வெள்ளை நந்தி. ஆள் உயரத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கும்.

கொன்றையடி. தலமரமான கொன்றையும் அதன் அடியில் உள்ள சன்னதியும். கோயிலின் மூலம் இதுதான் என்பது மரபு. இவ்வளவு பெரிய கல் உலகம் ஒரு மரத்தடியிலிருந்து பரந்திருக்கிறது.

நவக்கிரகம். தரையில் தேடாதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் கூரையில் செதுக்கியிருக்கிறார்கள். கீழே விளக்கேற்றிக் கும்பிடுவார்கள்.

அலங்கார மண்டபம். இசைத்தூண்கள் இங்கேதான். ஒரே கல்லில் கொத்துக் கொத்தாக மெல்லிய தூண்களைக் கடைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி தரும்படி செய்திருக்கிறார்கள். பருமனும் நீளமும் மாறினால் ஒலி மாறும் என்பதைக் கல்லில் கணக்கிட்டவர்களை நினைத்தாலே போதும். விரலை மடக்கித் தட்டிப் பார்க்க வேண்டாம். நூறாண்டுக்கு மேல் பல கைகள் தட்டித் தேய்த்த கல் அது.

விநாயகி. பெண் வடிவப் பிள்ளையாரைத் தூணில் செதுக்கியிருக்கிறார்கள். கூட்டத்தில் கண்ணில் படாமல் போய்விடும். அங்குள்ள யாரிடமாவது, "அம்மா, பெண் பிள்ளையார் எங்க இருக்கு?" என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

ஆஞ்சநேயர். ஒரே கல்லில் 18 அடி. மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த சிலையை எடுத்து 1930இல் நிறுத்தினார்கள் என்பார்கள். வடை மாலையும் வெண்ணெயும் சாத்துவது வழக்கம். பலர் இவரைப் பார்ப்பதற்காகவே வருகிறார்கள் என்பதால் வரிசை இங்கேதான் நீளும். சனிக்கிழமையைத் தவிர்த்தால் நேரம் மிச்சம்.

பிரகாரம். எல்லாம் முடிந்த பிறகு வெளிப்பிரகாரத்தை ஒருமுறை பேசாமல் சுற்றி வாருங்கள். இருபுறமும் தூண், தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவை. கல்லின் குளிர்ச்சி உள்ளங்கால் வழியே ஏறும்.

கோயிலைப் பற்றி விரிவாகப் படிக்க விரும்புபவர்கள், வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலுக்கென்றே எழுதி 1953இல் வெளியான ஆங்கில நூலைத் தேடலாம். ஒரு கோயிலை வைத்து ஒரு நாட்டின் சமூக வரலாற்றையே எழுதியிருக்கிறார்.

வெளியே வந்து, ரத வீதியில்

கோயிலைப் பார்த்தவர்கள் நேராக வண்டியில் ஏறிவிடுகிறார்கள். பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு ரத வீதியையும் நடந்து பாருங்கள். இந்த நாளில் இதைவிட முக்கியமான நடை இல்லை.

தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு இந்த வீதிகளில் கால் வைக்க உரிமை இருக்கவில்லை. கோயிலுக்குள் போவதிருக்கட்டும், கோயிலைச் சுற்றிய தெருவே மூடியிருந்தது. வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து 1926இல் இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். 1930இல் மறுபடியும் போராட்டம். ஆஞ்சநேயர் மண்ணிலிருந்து எழுந்து நின்ற அதே ஆண்டில், வெளியே மனிதர்கள் தெருவில் நடப்பதற்காக அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். 1936 நவம்பர் 12ஆம் தேதி சித்திரைத் திருநாள் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து, கோயில் வாசலே எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

காலையில் பார்த்த மதில் எதிரியைத் தடுக்கக் கட்டியது. இங்கே தடுக்கப்பட்டவர்கள் அந்த மதிலுக்கு உள்ளேயே வாழ்ந்தவர்கள். காலையில் 29 அடி பருமனைப் பார்த்து வியந்தவர்கள், இந்தத் தெருவுக்கு எத்தனை அடி பருமன் இருந்திருக்கும் என்று நடந்தபடியே யோசிக்கலாம்.

மதியம்: சாப்பாடு

நாகர்கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டில் அவியல், தீயல், எரிசேரி, புளிசேரி இருக்கிறதா என்று கேட்டு உட்காருங்கள். வறுத்த தேங்காயை மையாக அரைத்த தீயல் ஒரு கரண்டி விழுந்தால் போதும், சோறு தானாக இறங்கும். சிற்றுண்டிக்கு ரசவடையும் பழம்பொரியும். வாழைப்பழக் கடையில் மட்டிப்பழம் கேளுங்கள். விரல் போலச் சின்னது, வாசனை பெரிது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். வீட்டுக்கு வாங்குவதானால் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள். பழுத்தது பயணத்தில் நசுங்கிவிடும்.

மாலை 3.30: தேரூர்க் குளக்கரை

சுசீந்திரத்தை ஒட்டியே குளங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் சேர்ந்த ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கரையில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். தாமரை இலைமேல் நடக்கும் பறவையைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். தேரூர், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். குழந்தைகளுக்காக எளிய பாட்டெழுதிய கவிஞர் வளர்ந்த வயலும் குளமும் இவை.

எந்த நாளில் வரலாம்

அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் வார நாட்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஊரை அறிய வேண்டுமானால் மார்கழித் திருவிழா. பத்து நாள் விழாவின் மூன்றாம் நாள் 'மக்கள்மார் சந்திப்பு': கோட்டாறு வலம்புரி விநாயகர், வேளிமலை குமாரசுவாமி, மருங்கூர் சுப்பிரமணியர் எனப் பிள்ளைகள் அம்மையப்பனின் திருவிழாவுக்கு வந்துசேர்வார்கள். ஒன்பதாம் நாள் தேர். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்றிரவு சப்தாவர்ணத்தில் பிள்ளைகள் தாய் தகப்பனிடம் விடைபெறுவார்கள். வாகனங்கள் முன்னும் பின்னும் அசைந்து, பிரிய மனமின்றி நிற்கும். வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெரியவர்கள் அந்த நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். தேர் நாளில் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடக்கத் தயாராக வாருங்கள்.

திட்டம் மாறினால்

மழை: கோட்டைச் சாய்தளம் வழுக்கும். கோயிலை முதலில் வைத்து, மழை விட்ட பிறகு கோட்டைக்குப் போங்கள். ஆட்டோக்காரர் சொன்னது அன்று மட்டும் சரி.

வயதானவர்கள்: கோட்டையில் குளம் வரை போதும், கோயிலில் வெளிப்பிரகாரச் சுற்றைத் தவிர்க்கலாம்.

அரை நாள் மட்டும்: தேரூரை விட்டுவிடுங்கள். ரத வீதியை விடாதீர்கள்.

ரயில் பிடிப்பவர்கள்: நாகர்கோவிலில் ஏறுவதாக வைத்துக்கொண்டால் கன்னியாகுமரிக்குத் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

அந்தியில், தெப்பக்குளத்தில்

நேரம் இருந்தால் தேரூரிலிருந்து சுசீந்திரத்துக்கே திரும்பி, தெப்பக்குளப் படியில் அரை மணி உட்காருங்கள். நடு மண்டபமும் கோபுரமும் நீரில் இறங்கும் நேரம்.

பக்கத்தில்தான் முன்னுதித்த நங்கை அம்மன் கோயில். ஒவ்வொரு நவராத்திரிக்கும் இந்த அம்மன் பல்லக்கில் புறப்படுவாள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சேர்ந்துகொள்ள, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போய், விழா முடிந்து திரும்புவாள். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறியபோது வழிபாடும் கூடவே போன கதை அது. பிறகு சமஸ்தானம் போயிற்று. 1956இல் நடுவே மாநில எல்லை விழுந்தது. அம்மன் நடையை நிறுத்தவில்லை. எல்லையில் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்து வழிவிடுகிறார்கள்.

புரட்டாசியில் வந்தால் அந்தப் புறப்பாட்டைக் கேட்டறிந்து வாருங்கள். மற்ற மாதங்களில், படியைவிட்டு எழுந்து நெடுஞ்சாலைக்கு வந்தால் போதும். கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் இரவு வரை பேருந்து உண்டு.